பேனலில் 24 வோல்ட் இருந்தும் லூப் 17 மில்லியாம்பியரைத் தாண்டாதது ஏன்?

டிரான்ஸ்மிட்டர் என்பது பிளான்ட்டில் அழுத்தம், வெப்பநிலை போன்றவற்றை அளந்து 4 முதல் 20 மில்லியாம்பியர் கரண்டாகக் கண்ட்ரோல் ரூம் பேனலுக்கு அனுப்பும் கருவி; அந்தக் கரண்ட் ஓடுகிற இரண்டு ஒயர் சுற்றுதான் லூப். ரீடிங் தப்பாக வருகிறது என்றதும் டிரான்ஸ்மிட்டர் மூடியைக் கழற்ற ஓடாதீர்கள். லூப்பில் எத்தனை மில்லியாம்பியர் ஓடுகிறது என்று முதலில் பாருங்கள், பாதி விடை அதிலேயே கிடைத்துவிடும். 0 என்றால் ஒயர் அறுந்திருக்கும், ஃபியூஸ் போயிருக்கும், அல்லது பிளஸ் மைனஸ் மாறியிருக்கும். 3.6 என்றால் ஒயரிங்கைக் கிளறவே வேண்டாம்: சென்சாரில் கோளாறு என்று டிரான்ஸ்மிட்டரே சொல்கிறது. நாமூர் (ஆலைக் கருவிகளைப் பயன்படுத்தும் நிறுவனங்களின் சங்கம்) வெளியிட்ட என்ஈ 43 பரிந்துரைப்படி 3.8 முதல் 20.5 வரைதான் அளவீடு. 3.6-ம் அதற்குக் கீழும், 21-ம் அதற்கு மேலும் கோளாறு சிக்னல். 21-க்கு மேல் காட்டினால் லூப் ஷார்ட் ஆகியிருக்கவும் வாய்ப்புண்டு. டிரான்ஸ்மிட்டர் டெர்மினலில் வோல்டேஜ் கிட்டத்தட்ட 0 என்றால் ஷார்ட்டேதான்.

கை வைக்கும் முன் கண்ட்ரோலரை மேனுவலில் போடச் சொல்லுங்கள், அந்த லூப்பில் டிரிப் (ஆபத்து என்றால் பிளான்ட்டைத் தானாக நிறுத்தும் ஏற்பாடு) இருந்தால் அதைத் தற்காலிகமாக விலக்கிவைக்கும் பைபாஸும் வாங்குங்கள். மல்டிமீட்டரின் மில்லியாம்பியர் ஃபியூஸ் போயிருப்பது தெரியாமல் சீரிஸில் மாட்டினால் லூப் அந்த நொடியே அறுந்து பிளான்ட் டிரிப் ஆகும்.

இனி அதிகம் ஏமாற்றுகிற கோளாறு. 4 மில்லியாம்பியரில் எல்லாம் சரியாக இருக்கும், மேலே போகப் போக 17-லோ 18-லோ நின்றுவிடும். டிரான்ஸ்மிட்டரைக் காலிபரேட் செய்து பிரயோஜனமில்லை, அதற்கு வோல்டேஜ் பற்றவில்லை. ஒரு கணக்குப் பாருங்கள். ஹார்ட் (அதே ஒயரில் கரண்டின் மேல் ஏறிப் போகும் டிஜிட்டல் சிக்னல்) பேசுவதற்கான ரெசிஸ்டர் 250 ஓம், பேரியர் (வெடி அபாய இடத்துக்குப் போகும் மின்சக்தியைக் கட்டுப்படுத்தும் கருவி) 300 ஓம், 1.5 சதுர மி.மீ. கேபிள் 1 கிலோமீட்டருக்குப் போகவும் வரவும் சுமார் 25 ஓம், ஆக 575 ஓம். 4 மில்லியாம்பியரில் இதில் 2.3 வோல்ட்தான் விழும், 20-ல் 11.5 வோல்ட் விழும். 24 வோல்ட் சப்ளையில் டிரான்ஸ்மிட்டருக்கு மிஞ்சுவது 12.5. அதற்குக் குறைந்தது 12 வோல்ட் வேண்டும் என்று வைத்துக்கொண்டால், சப்ளை 22-க்கு இறங்கிய உடனே லூப் 17.4-ல் முட்டி நிற்கும்.

இதில் இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. சப்ளை முழுசாக 24 இருந்தாலும் இந்த லூப் 20.9-ஐத் தாண்டாது. சென்சார் பழுதானால் 21-க்கு மேல் போகும்படி வைத்திருக்கும் அலாரம் வரவே வராது. கரண்டை வேண்டுமென்றே மாற்றிப் பார்க்கும் லூப் செக்கில் 4, 12, 20 மூன்றும் பாஸ் ஆகும், இது மட்டும் யார் கண்ணிலும் படாது. 22-ஐயும் ஃபோர்ஸ் செய்து பார்ப்பதை வழக்கமாக்குங்கள்.

லூப்பின் உண்மையான ரெசிஸ்டன்ஸைக் கண்டுபிடிக்க ஒரு ஒயரையும் கழற்ற வேண்டியதில்லை. கம்யூனிகேட்டரில் (ஹார்ட் வழியே டிரான்ஸ்மிட்டரோடு பேசும் கையடக்கக் கருவி) லூப் டெஸ்ட் போட்டு 4-லும் 12-லும் டிரான்ஸ்மிட்டர் டெர்மினலில் வோல்டேஜ் எடுங்கள். 21.7, 17.1 என்று வந்தால் வித்தியாசம் 4.6, அதை 0.008-ஆல் வகுத்தால் 575 ஓம். கணக்குப் போட்டதைவிட 100 ஓம் கூடுதலாக வந்தால் எங்கேயோ ஒரு டெர்மினல் களிம்பு பிடித்திருக்கிறது, அல்லது லக் (ஒயர் நுனியில் அழுத்திப் பொருத்தும் உலோக முனை) சரியாகக் கிரிம்ப் ஆகவில்லை. லூப்பை 12-லேயே நிறுத்திவைத்து, ஜங்ஷன் பாக்ஸிலிருந்து மார்ஷலிங் (ஃபீல்டு கேபிள்கள் வந்து சேரும் கேபினெட்) வரை ஒவ்வொரு இணைப்பின் இரு பக்கமும் வோல்டேஜ் பாருங்கள். அந்த 100 ஓமில் 1.2 வோல்ட் விழுகிற இடம் தானே தெரியும். ஸ்க்ரூவை இறுக்கினால் மட்டும் போதாது. ஒயரை வெளியே எடுத்து, கறுத்த நுனியை வெட்டிவிட்டுப் புது லக் போடுங்கள்.

ஈரம் இதற்கு நேர் எதிராக வேலை செய்யும். ஜங்ஷன் பாக்ஸில் தண்ணீர் நின்று பிளஸ், மைனஸ் இடையே 24 கிலோ ஓம் லீக் ஏற்பட்டால் கிட்டத்தட்ட 1 மில்லியாம்பியர் கூடுதலாகப் பேனலுக்குப் போகும். 4-க்கும் 20-க்கும் இடையிலான 16 மில்லியாம்பியர் ஸ்பானில் அது 6 சதவீதம். டிரான்ஸ்மிட்டரின் சொந்த டிஸ்ப்ளே சரியாகக் காட்டும், கண்ட்ரோல் ரூமில் மட்டும் ஏறியிருக்கும். டிரான்ஸ்மிட்டரில் பிளஸ் ஒயரைக் கழற்றிவிட்டுப் பேனலில் பாருங்கள். 0.00 வரவேண்டும், எது மிச்சம் இருக்கிறதோ அதுவே லீக். கிளாண்ட் (கேபிள் நுழையும் இடத்தை இறுக்கி மூடும் பிடிப்பு) தளர்ந்திருப்பதும், உபயோகிக்காத கேபிள் துளையில் பிளாஸ்டிக் மூடியை அப்படியே விட்டிருப்பதும்தான் வழக்கமான காரணங்கள்.

கம்யூனிகேட்டர் பேசவில்லை என்றால் அதை எங்கே மாட்டியிருக்கிறீர்கள் என்று பாருங்கள். பவர் சப்ளையின் மீது நேராக மாட்டினால் சிக்னல் அங்கேயே ஷார்ட் ஆகிவிடும். டிரான்ஸ்மிட்டரின் மீதோ ரெசிஸ்டரின் மீதோ மாட்ட வேண்டும், லூப்பில் குறைந்தது 230 ஓம் இருக்க வேண்டும். இடையில் ஐசொலேட்டர் (இரு பக்கத்தையும் மின் தொடர்பில்லாமல் பிரிக்கும் கருவி) இருந்தால் அது ஹார்ட் சிக்னலைக் கடத்துகிற ரகமா என்றும் பாருங்கள். லூப் 4-லேயே அசையாமல் நின்று கம்யூனிகேஷன் மட்டும் நன்றாக இருந்தால் ஒயரைத் தேடாதீர்கள். போலிங் அட்ரஸ் (ஹார்ட்டில் அந்தக் கருவிக்குத் தரும் எண்) 0-வில் இருக்கிறதா என்று பாருங்கள். பழைய ஹார்ட் 5 கருவிகளில் அதை மாற்றினால் கரண்ட் 4-ல் உறைந்துவிடும். விட்டு விட்டுப் பேசினால் பக்கத்தில் விஎஃப்டி (மோட்டார் வேகத்தை மாற்றும் டிரைவ்) கேபிள் ஓடுகிறதா, கேபிளின் உலோக உறையான ஷீல்டு இரண்டு முனையிலும் எர்த் ஆகியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஷீல்டைப் பேனல் பக்கம் மட்டும் எர்த் செய்து, ஃபீல்டு முனையை டேப் சுற்றி விட்டுவிடுங்கள்.

கேபிளுக்கு மெக்கர் (உயர் வோல்டேஜ் கொடுத்து இன்சுலேஷனைச் சோதிக்கும் கருவி) போடுவதானால் டிரான்ஸ்மிட்டரையும் பேரியரையும் பேனலின் இன்புட் கார்டையும் இரு முனையிலும் கழற்றிய பிறகே போடுங்கள். 500 வோல்ட்டை அவை தாங்காது.