பிள்ளை பிறந்த பிறகு வந்த மனச்சோர்வும் ஹரோ தமிழ்க் குழுவும்

இங்கிலாந்தில் பிள்ளை பிறந்தால் ஆறு முதல் எட்டுக் கிழமைக்குள் ஹெல்த் விசிட்டர் என்ற, வீட்டுக்கு வந்து தாயையும் பிள்ளையையும் பார்க்கும் நேர்ஸ் ஒரு தாளோடு வருவார். கடந்த ஏழு நாளில் சிரிக்க முடிந்ததா, காரணமில்லாமல் பயந்தீர்களா, நித்திரை வராமல் தவித்தீர்களா என்று பத்துக் கேள்வி. பிள்ளை பிறந்த பிறகு வரும் மனச்சோர்வைக் கண்டுபிடிக்கும் இதை எடின்பரோ அளவுகோல் என்பார்கள். மொத்தம் 30 புள்ளி, 13 அல்லது அதற்கு மேல் வந்தால் பெரும்பாலும் அடுத்த கட்டத்துக்கு அனுப்புவார்கள். எனக்கு அந்தத் தாள் வந்தபோது மாமி பக்கத்துக் கதிரையில் இருந்தார். எல்லாம் நல்லபடி என்று குறித்துக் கொடுத்தேன். பிள்ளைகளின் பாதுகாப்பைப் பார்க்கும் சோஷல் சேர்விஸ் வந்து பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போய்விடும் என்ற பயம் எங்கள் ஆட்களிடம் நிறைய இருக்கிறது. மனச்சோர்வு என்று சொன்னதற்காக மட்டும் பிள்ளையை எடுப்பதில்லை என்பதை யாரும் அவ்வளவு உரக்கச் சொல்வதில்லை.

ஜீபியிடம், அதாவது குடும்ப வைத்தியரிடம், நான் போனது நெஞ்சு இறுக்கத்துக்கும் தலையிடிக்கும்தான். இரத்தம் எடுத்தார்கள், வைட்டமின் டி குறைவு என்றார்கள். குளிசை போட்டும் இறுக்கம் போகவில்லை. கடைசியில் ஒரு நேர்ஸ் கதவைச் சாத்திவிட்டுத் தனியாகக் கேட்டபோதுதான் விஷயம் வெளியே வந்தது.

முதலில் கிடைத்தது தொலைபேசியில் தெரபி, நடுவில் மொழிபெயர்ப்பாளர். அவர் குரலில் ஊர்வாடை அடித்ததும் எனக்கு வாய் கட்டிவிட்டது. லண்டனில் நான் இருக்கும் ஹரோவில் தமிழர் என்றால் கோயிலில், சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியில், யாராவது ஒருவரின் சாமத்தியவீட்டில் எப்படியும் முகம் பார்க்க வேண்டியவர்கள். இரண்டாம் தடவையோடு அதை விட்டுவிட்டேன்.

பிறகுதான் தமிழ்த் தாய்மாருக்கான குழு. கடிதத்தில் "தாய்-சேய் நல வகுப்பு" என்றுதான் இருந்தது. வீட்டில் யாரும் குறுக்கே நிற்கவில்லை. டாக்சி அனுப்பினார்கள், பிள்ளைகளைப் பக்கத்து அறையில் ஒருவர் பார்த்துக்கொண்டார். உண்மையைச் சொன்னால், இந்த இரண்டும் இல்லாவிட்டால் நான் போயிருக்கவே மாட்டேன். நடத்திய அக்கா மனநல வைத்தியர் இல்லை, பயிற்சி பெற்ற சுகாதாரப் பணியாளர். முதல் நாளே ஒரு பெண், "எனக்கு மனவருத்தம் ஒன்றுமில்லை, தலையிடி மட்டும்தான்" என்றார். அக்கா அவரைத் திருத்தவில்லை. "சரி, தலையிடியில் இருந்தே தொடங்குவோம். அது வரும்போது மனதில் என்ன ஓடும்?" என்று கேட்டார். சிபிடி என்ற சிகிச்சை முறையே அதுதானாம்: நினைப்பு, உடம்பு, நடத்தை மூன்றும் ஒன்றையொன்று இழுப்பதைப் பார்க்கப் பழகுவது.

எனக்கு மிகவும் உதவியது நடிப்புப் பயிற்சி. உதவி கேட்கப் பழக வேண்டும். ஆங்கிலக் கையேட்டில் "மறுத்துப் பேசுங்கள்" என்ற தோரணையில் இருந்ததை அக்கா ஒதுக்கிவிட்டார். ஒருவர் மாமியாக நடித்தார். குரலை அப்படியே பிடித்ததில் அறையே சிரித்தது. நான் சொல்லிப் பழகியது இவ்வளவுதான்: "மாமி, ஒரு மணித்தியாலம் படுத்தெழும்பப் போறன், பிள்ளையை ஒருக்கா வச்சிருக்கிறீங்களோ?" வீட்டில் கேட்டேன். "முதலே சொல்லியிருக்கலாமே" என்று ஒரு குத்தலோடுதான் வாங்கினார், ஆனால் வாங்கினார்.

இதே வகைக் குழுச் சிகிச்சையை மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தினர் தலைமையில் பிரிட்டனின் ஐந்து பகுதிகளில் 732 தெற்காசியத் தாய்மாரிடம் சோதித்திருக்கிறார்கள். ரோஷ்ணி-2 என்று பெயர், முடிவு 2024இல் லான்செட் என்ற மருத்துவ இதழில் வந்தது. நான்கு மாதத்தில் பன்னிரண்டு அமர்வு. அதன் முடிவில் குழுவுக்குப் போனவர்களில் 49 சதவீதம் பேர் தேறியிருந்தார்கள், வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களில் 37. ஒரு வருடத்தில் அந்த வித்தியாசம் நிலைக்கவில்லை. எனக்கும் அப்படித்தான், குழு முடிந்து கொஞ்ச நாளில் இறுக்கம் திரும்பியது. பால் கொடுத்துக்கொண்டே எடுக்கலாம் என்று ஜீபி செர்ட்ரலின் என்ற மனச்சோர்வுக் குளிசையை எழுதித் தந்தார், இப்போது அதில்தான் இருக்கிறேன். நாலு மாதத்தோடு கையை விடாமல் மாதம் ஒரு தடவையாவது கூட்டினால் நல்லது என்று அக்காவிடம் சொன்னேன். காசு இல்லையாம்.

கடைசியாக ஒரு தகவல். இங்கிலாந்தில் டோக்கிங் தெரபீஸ் என்ற அரச பேச்சுச் சிகிச்சைச் சேவைக்கு ஜீபி கடிதம் தேவையில்லை, நீங்களே பதியலாம், இலவசம். மொழிபெயர்ப்பாளர் வேண்டுமென்றால், உங்கள் பகுதியைச் சேராத ஒருவரைத் தொலைபேசியில் தரச் சொல்லி பதியும்போதே கேளுங்கள்.