குளிசை விழுங்கினார்களா? சிறுநீரில் பார்த்த அனுபவம்

இலங்கையின் வடக்கில் மலேரியா மிகுந்திருந்த போர்க்கால ஆண்டுகளில், தென்மராட்சிக் கிராமங்களில் நாங்கள் கொடுத்த குளோரோக்குயின் என்னும் மலேரியா மருந்து உண்மையில் உட்கொள்ளப்படுகிறதா என்பதை அறிய, டில்–கிளாஸ்கோ சிறுநீர்ச் சோதனையைப் பயன்படுத்தினோம். வளர்ந்தவர்களுக்கு 3 நாள்களில் 10 குளிசைகள் என்பது முறை. ஆனால் காய்ச்சல் விட்டதும் மிச்சத்தை அடுத்த காய்ச்சலுக்கென்று எடுத்துவைக்கும் வழக்கம் பல வீடுகளில் இருந்தது.

100 மில்லிலீற்றர் குளோரோபோமில் 50 மில்லிகிராம் ஈயோசின் சாயத்தையும் 1 மில்லிலீற்றர் ஐதான ஐதரோகுளோரிக் அமிலத்தையும் சேர்த்து, அது வெளிர்மஞ்சளாகும் வரை குலுக்கிக் கபிலநிறப் போத்தலில் வைத்துக்கொண்டோம். 2 மில்லிலீற்றர் சிறுநீரில் இதில் 10 துளி விட்டு நன்றாகக் குலுக்கினால், அடியில் படியும் குளோரோபோம் மருந்து இருக்கும்போது ஊதாச் சிவப்பாகும்; இல்லாதபோது மஞ்சளாகவே நிற்கும். மின்சாரம் இல்லாத அக்காலத்தில் இதைவிட வசதியான சோதனை எமக்கு வாய்த்திருக்காது.

கடினமாக இருந்தது சிறுநீர் கேட்பதுதான். சலரோகம் பார்க்கிறோம் என்று சிலர் எண்ணினர். குமர்ப்பிள்ளைகள் இருந்த வீடுகளில் கர்ப்பம் பார்க்கிறோமோ என்ற ஐயம் எழுந்தது. “தம்பி, குளிசை எல்லாம் நான் விழுங்கினனான், நம்பாமலோ வந்திருக்கிறியள்?” என்று ஓர் ஆச்சி கேட்டது நியாயமான கேள்வி. அதன்பின், கிராமத்துப் பெண் தொண்டர்களே போத்தல்களைச் சேகரித்தனர்; பெயருக்குப் பதிலாக இலக்கம் மட்டும் எழுதினோம்.

நிறத்தை வாசிப்பதிலும் நிதானம் தேவைப்பட்டது. குளோரோக்குயின் உடலிலிருந்து மிக மெதுவாகவே வெளியேறுவதால், சிவப்பு நிறம் ‘அண்மையில் குடித்திருக்கிறார்’ என்பதற்கு மட்டுமே சான்று. முழு அளவையும் குடித்தார் என்று அதிலிருந்து முடிவுசெய்ய இயலாது. மற்றொரு மலேரியா மருந்தான கொயினைன் எடுத்தவரின் சிறுநீரும் இவ்வாறே நிறம் மாறும். ஈரலில் உறங்கும் விவாக்ஸ் வகை மலேரியாக் கிருமியை அழிக்கும் பிரைமாக்குயின் மாற்றமின்றிச் சிறுநீரில் வெளியேறுவது மிகச் சொற்பமாகையால், கூடுதல் நாள்கள் குடிக்கவேண்டிய, எனவே இடையில் கைவிடப்படக்கூடிய அந்த மருந்தைப் பற்றி இச்சோதனையை நம்பி எதையும் சொல்ல முடியவில்லை.

எனினும், மருந்துக்குக் காய்ச்சல் கேட்கவில்லை என்று திரும்பி வந்தவர்களிடம் இது மிகவும் பயன்பட்டது. போத்தலில் மஞ்சள் தெரிந்தால், கிருமிக்கு எதிர்ப்பாற்றல் வந்துவிட்டது என்று பதிவதற்கு முன், மிஞ்சிய குளிசைகளைக் கொண்டுவரச் சொல்லி எண்ணிப் பார்த்தோம்.