சாட்சிதானே என்று போகிறவர்களுக்கு: சம்மன் முதல் கூண்டு வரை

சம்மன் கைக்கு வந்ததும் தேதியைப் பார்ப்பதற்கு முன் பிரிவு எண்ணைப் பாருங்கள். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பி.என்.எஸ்.எஸ். சட்டத்தின் 179-ஆம் பிரிவு என்று இருந்தால், விஷயம் தெரிந்தவர் என்ற முறையில் அழைக்கிறார்கள். 35(3) என்று இருந்தால் உங்கள் மீதே சந்தேகம் இருக்கிறது. 94 என்று இருந்தால் ஆவணம் கேட்கிறார்கள். செல்போன், கணினி போன்றவற்றையும் இந்தப் பிரிவில் கேட்கலாம். இந்த மூன்றில் எது என்று தெரியாமல் கிளம்பிப் போவதால்தான் பல பேருக்குச் சிக்கல் தொடங்குகிறது.

“சும்மா ஒரு விளக்கம் கேக்கணும் சார், ஸ்டேஷன் வரைக்கும் வந்துட்டுப் போங்க” என்று போனில் கூப்பிட்டால், மரியாதையாகவே எழுத்து மூலம் அனுப்பச் சொல்லுங்கள். 179-ஆம் பிரிவே எழுத்து மூலமான ஆணை வேண்டும் என்கிறது. பெண்கள், 15 வயதுக்குட்பட்ட ஆண் பிள்ளைகள், 60 வயதைத் தாண்டிய ஆண்கள், மாற்றுத்திறனாளிகள், கடும் நோயில் இருப்பவர்கள் ஆகியோரை அவர்கள் வசிக்கும் இடத்தைத் தவிர வேறெங்கும் வரச் சொல்லக் கூடாது. பழைய சட்டத்தில் 65 ஆக இருந்த வயது இப்போது 60. ஓய்வுபெற்ற அதிகாரிகளையும் வங்கி மேலாளர்களையும்தான் சாட்சியாக அதிகம் கூப்பிடுகிறார்கள் என்பதால் இந்த மாற்றம் முக்கியமானது. ஆனால் கேட்டால்தான் கிடைக்கும். “என் வயது 63, என் வீட்டில் விசாரித்துக்கொள்ளலாம்” என்று இரண்டு வரி எழுதி, வயதுச் சான்றின் நகலோடு விரைவுத் தபாலிலும் மின்னஞ்சலிலும் அனுப்பி வையுங்கள்.

இன்னொரு எச்சரிக்கை: வீடியோ காலில் சீருடையோடு வந்து “டிஜிட்டல் அரெஸ்ட்” என்று சொல்லிப் பணம் கேட்பவர் எந்தத் துறையின் அதிகாரியும் இல்லை. அமலாக்கத்துறையின் சம்மன்களில் இப்போது கியூஆர் குறியீடு இருக்கிறது. அதை வைத்து உண்மையா என்று சரிபார்க்கலாம்.

போலீஸ், சிபிஐ விசாரணைக்கும் அமலாக்கத்துறை விசாரணைக்கும் உள்ள வித்தியாசத்தைப் புரிந்துகொண்டு போக வேண்டும். போலீஸ் அதிகாரி எழுதிக்கொள்ளும் வாக்குமூலத்தில் நீங்கள் கையெழுத்துப் போட வேண்டியதில்லை. 181-ஆம் பிரிவு போடக் கூடாது என்றே சொல்கிறது. நீதிமன்றத்தில் நீங்கள் மாற்றிச் சொன்னால் முரண்பாட்டைக் காட்ட மட்டுமே அது பயன்படும். உங்களையே குற்றத்தில் சிக்கவைக்கக்கூடிய கேள்விக்குப் பதில் சொல்ல மறுக்கும் உரிமையும் 180-ஆம் பிரிவிலேயே இருக்கிறது.

அமலாக்கத்துறையில் நிலைமை வேறு. பணமோசடித் தடுப்புச் சட்டத்தின் 50-ஆம் பிரிவில் தரும் வாக்குமூலத்தில் நீங்கள் கையெழுத்திட வேண்டும், அது சாட்சியமாகவே செல்லும். பொய் சொன்னால், நீதிமன்றத்தில் பொய் சொன்னதற்கு இணையான குற்றம். விஜய் மதன்லால் சௌத்ரி வழக்கில் 2022 ஜூலை 27 அன்று உச்ச நீதிமன்றம் இதை உறுதிசெய்தது. அந்த அதிகாரிகள் போலீஸ் அல்ல, சம்மன் கட்டத்தில் அரசியலமைப்பின் 20(3)-ஆவது உறுப்பின் பாதுகாப்பை (குற்றம் சாட்டப்பட்டவரைத் தனக்கு எதிராகத் தானே சாட்சி சொல்லக் கட்டாயப்படுத்தக் கூடாது என்பது) கோர முடியாது என்றது. யாராக இருந்தாலும் போய்த்தான் ஆக வேண்டும். தமிழ்நாட்டு மணல் குவாரி விசாரணையில் வேலூர், திருச்சி, கரூர், தஞ்சாவூர், அரியலூர் மாவட்ட ஆட்சியர்களுக்கே சம்மன் போனது. சென்னை உயர் நீதிமன்றம் நிறுத்திவைத்ததை 2024 பிப்ரவரி 27 அன்று உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை, ஆட்சியர்களை ஆஜராகச் சொன்னது.

ஒரு ஆறுதல் உண்டு. பங்கஜ் பன்சால் வழக்கில் 2023 அக்டோபரில், கேள்விக்கு அதிகாரி எதிர்பார்த்த பதிலைச் சொல்லவில்லை என்பதற்காக மட்டும் ஒருவரைக் கைதுசெய்ய முடியாது என்று உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது.

வக்கீலைக் கூட்டிக்கொண்டு போகலாமா? கைதானவருக்கு விசாரணையின்போது வக்கீலைச் சந்திக்கும் உரிமை சட்டத்தில் இருக்கிறது. சாட்சிக்கு அப்படி எழுதிவைக்கவில்லை. சுங்கத்துறை தொடர்பான பூல்பாண்டி வழக்கில் 1992-லேயே உச்ச நீதிமன்றம் விசாரணை அறையில் வக்கீல் இருக்க உரிமை இல்லை என்றது. பின்னர் சில வழக்குகளில், கண்ணுக்குத் தெரியும் ஆனால் பேச்சு காதில் விழாத தூரத்தில் வக்கீல் உட்காரலாம் என்று அனுமதித்திருக்கிறார்கள். அதற்கு முன்கூட்டியே மனுப் போட வேண்டும். ஆக, வக்கீலின் வேலை பெரும்பாலும் அறைக்கு வெளியில்தான்: ஆவணங்களைத் தேதி வாரியாக அடுக்குவது, எந்தக் கேள்வியில் ஆபத்து இருக்கிறது என்று முன்பே சொல்வது, பதில் கடிதம் எழுதுவது. இந்தச் செலவை அரசு திருப்பித் தராது. வரவைக்கும் அதிகாரத்தை அரசு வைத்துக்கொண்டு, அதற்கான செலவைச் சாட்சியின் தலையில் கட்டுவது நியாயமே இல்லை. கட்டணத்தை மொத்தமாகப் பேசுகிறீர்களா, வருகைக்கு இவ்வளவு என்றா, சம்மன் மறுபடி வந்தால் என்ன கணக்கு என்பதை முதல் நாளே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். வசதி இல்லாதவர்கள் மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் உள்ள சட்டப் பணிகள் ஆணைக்குழு அலுவலகத்தில் போய் ஆலோசனை கேளுங்கள்.

அறைக்குள் அதிகம் பேரை மாட்டிவிடுவது பொய் அல்ல, ஊகம். “அந்த ஃபைல் யாரிடம் இருந்தது?” என்று கேட்டால், தெரிந்தால் சொல்லுங்கள். “அவர்கிட்டதான் இருந்திருக்கும்” என்ற பதில் தாளில் ஏறும்போது “அவரிடம் இருந்தது” என்று ஆகிவிடும். நான்கு வருடம் கழித்துக் குறுக்கு விசாரணையில் அந்த வரியை வைத்துத்தான் உங்களைக் கேட்பார்கள். பார்த்தது, கேட்டது, யூகித்தது மூன்றையும் பிரித்துச் சொல்லுங்கள். நினைவில்லை என்றால் அப்படியே சொல்லுங்கள், ஆவணத்தைக் காட்டினால் பார்த்துச் சொல்கிறேன் என்று கேளுங்கள். 50-ஆம் பிரிவு வாக்குமூலமாக இருந்தால் ஒவ்வொரு பக்கத்தையும் படித்த பிறகே கையெழுத்து. தப்பாக இருக்கும் வரியை அடித்து, சரியானதை எழுதி, பக்கத்தில் சுருக்கொப்பம் போடுங்கள். நகல் பெரும்பாலும் தர மாட்டார்கள். அதனால் வெளியில் வந்த உடனே, அன்றைக்கே, கேட்ட கேள்வியையும் சொன்ன பதிலையும் ஒரு நோட்டில் தேதி, நேரத்தோடு எழுதிவையுங்கள். மிரட்டி எழுதி வாங்கியிருந்தால் மறுநாளே எழுத்து மூலம் மறுத்து அனுப்புங்கள். மாதக்கணக்கில் தள்ளினால் அந்த மறுப்புக்கு மதிப்பு குறைந்துவிடும்.

செல்போனைக் கேட்டால் வாங்கிக்கொள்வது அவர்கள் அதிகாரம், ரசீது கேட்பது உங்கள் உரிமை. கைப்பற்றுதல் பட்டியலில் ஐஎம்இஐ எண் (போனின் அடையாள எண்), சிம், மெமரி கார்டு எல்லாம் தனித்தனியாக ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். மின்னணுச் சாட்சியத்துக்கு, புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷ்ய அதிநியமின் 63-ஆம் பிரிவின்படி தர வேண்டிய சான்றிதழில் ஹாஷ் மதிப்பு (உள்ளே எதை மாற்றினாலும் தானும் மாறிவிடும், கைரேகை போன்ற குறியீடு) குறிப்பிட வேண்டும். கைப்பற்றும்போதே அதைப் பதிவுசெய்தால் பின்னால் யாரும் உள்ளே எதையும் மாற்றினார்கள் என்ற பேச்சு வராது. போலீஸ் எடுத்ததைத் திரும்பப் பெற பி.என்.எஸ்.எஸ். 497 அல்லது 503-ஆம் பிரிவில் நீதிமன்றத்தில் மனுப் போடலாம். அமலாக்கத்துறை எடுத்திருந்தால் பொதுவாக 180 நாள் வரை வைத்திருக்கலாம், அதற்கு மேல் தீர்ப்பாணையத்தின் அனுமதி வேண்டும். அதுவரை வங்கி ஓடிபி, வியாபாரம் எல்லாம் அந்த எண்ணில் நின்றுபோகும். டூப்ளிகேட் சிம் வாங்குவதை அன்றே செய்யுங்கள்.

அரசு ஊழியர்களைப் பொறுத்தவரை அதிகம் பேருக்கு நேர்வது லஞ்ச ஒழிப்புத் துறையின் பொறிவைப்புச் சாட்சி, அதாவது லஞ்சம் வாங்குபவரைக் கையும் களவுமாகப் பிடிக்கும்போது உடன் இருக்கும் சாட்சி. வேறு துறையிலிருந்து இரண்டு பேரைக் காலையில் வரச் சொல்வார்கள். புகார்தாரர் கொண்டுவந்த நோட்டுகளின் எண்களை எழுதி, பினாப்தலின் தூள் தடவி, சோடியம் கார்பனேட் கரைசலில் விரலை நனைத்தால் இளஞ்சிவப்பாக மாறுவதைக் காட்டுவார்கள். இதை எழுதிக் கையெழுத்து வாங்கும் பதிவுதான் ஒப்படைப்பு மகஜர். அதில் எழுதியிருக்கும் ஒவ்வொரு நோட்டு எண்ணையும் நீங்களே கையில் உள்ள நோட்டோடு ஒப்பிட்டுப் பாருங்கள். உடன் செல்லும் சாட்சி என்றால், பணம் கைமாறுவதைப் பார்த்தால் மட்டும் போதாது, பணம் கேட்டதைக் காதால் கேட்டீர்களா என்பதுதான் வழக்கின் உயிர்நாடி. ஜன்னலுக்கு வெளியே நின்றதால் காதில் விழவில்லை என்றால், பணத்தைக் கைப்பற்றிய பின் எழுதும் மீட்பு மகஜரில் அப்படியே எழுதச் சொல்லுங்கள். அந்தக் கரைசலை அடைத்த பாட்டில்களில் ஒட்டும் சீட்டில் கையெழுத்திடும்போது அரக்கு முத்திரை வைத்தாயிற்றா என்று பாருங்கள். நீதிமன்றத்தில் எதிர்த்தரப்பு வக்கீல் கேட்பது இவற்றைத்தான்.

லஞ்சம் கொடுத்த புகார்தாரருக்கு முன்பு ஊழல் தடுப்புச் சட்டத்தின் 24-ஆம் பிரிவு பாதுகாப்பாக இருந்தது. 2018 திருத்தத்தில் அது போய்விட்டது. கட்டாயப்படுத்திக் கொடுக்க வைத்தார்கள் என்றால் 7 நாளுக்குள் புகார் செய்திருக்க வேண்டும். துறைக்கு முதலில் தகவல் சொல்லிவிட்டுக் கொடுத்தால் குற்றம் இல்லை. எட்டாம் நாள் போனால் சாட்சியே குற்றவாளி ஆகலாம்.

மிரட்டல் இருந்தால் வாயால் சொல்லிப் பயனில்லை. மகேந்தர் சாவ்லா வழக்கில் 2018 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் ஏற்ற சாட்சிகள் பாதுகாப்புத் திட்டத்தின்படி, மாவட்ட நீதிபதி தலைமையிலான குழுவுக்கு மனுக் கொடுக்கலாம். டிஎஸ்பி நிலை அதிகாரி அச்சுறுத்தல் அறிக்கை தர வேண்டிய காலம் 5 வேலை நாட்கள். பாதுகாப்பு ஒரு தடவைக்கு அதிகபட்சம் 3 மாதம், தேவைப்பட்டால் நீட்டிக்கலாம். 2020-ல் தந்தையும் மகனும் போலீஸ் காவலில் இறந்த சாத்தான்குளம் வழக்கில் உண்மையைச் சொன்ன பெண் தலைமைக் காவலர், வாக்குமூலத்தில் கையெழுத்திடவே பயந்தார் என்று நீதித்துறை நடுவர் அறிக்கையில் எழுதினார். சீருடையில் இருப்பவருக்கே அந்த நிலை என்றால், தனியாக ஊர் பேருந்தில் வந்து போகும் சாட்சிக்கு மனு எவ்வளவு அவசியம் என்று சொல்ல வேண்டியதில்லை.

பிறகு வருடங்கள் ஓடும். நீதிமன்றச் சம்மன் வரும்போது நீங்கள் ஊர் மாறியிருப்பீர்கள். முகவரி மாற்றத்தை விசாரணை அதிகாரிக்கும் நீதிமன்றத்துக்கும் எழுதித் தராவிட்டால் சம்மன் பழைய வீட்டுக்குப் போய்த் திரும்பி, அடுத்தது பிடிவாரண்டாக வரும். தூரத்தில் இருப்பவர்கள் காணொலியில் சாட்சி சொல்ல அரசு வழக்கறிஞர் மூலம் மனுப் போடச் சொல்லுங்கள். புதிய சட்டத்தில் இடமிருக்கிறது. வந்து நிற்கும் சாட்சியை விசாரிக்காமல், சிறப்புக் காரணம் எழுதாமல் வாய்தா போடக் கூடாது என்று பி.என்.எஸ்.எஸ். 346-ஆம் பிரிவு சொல்கிறது. ஆனாலும் போடுவார்கள். அப்போது அரசு வழக்கறிஞரிடம், ஆஜரான விவரத்தையும் பேட்டாவையும் (சாட்சிக்கான படிப் பணம்) அன்றைய குறிப்பில் பதியச் சொல்லுங்கள். அரசு ஊழியர் என்றால் வருகைச் சான்று வாங்காமல் கிளம்ப வேண்டாம். அது இல்லாவிட்டால் அந்த நாள் உங்கள் சொந்த விடுப்பில் கழியும்.

கூண்டில், உங்களைச் சிக்கவைக்கும் கேள்வி என்று பதில் சொல்ல மறுக்க முடியாது. நீதிமன்றம் கட்டாயப்படுத்திய பதிலை வைத்து உங்கள் மீது வழக்குப் போட முடியாது, பொய் சாட்சி சொன்னதற்காக மட்டும் போடலாம். “நீதிமன்றம் உத்தரவிட்டால் சொல்கிறேன்” என்று முதலில் சொல்லி, அதைப் பதியவையுங்கள். சாட்சியம் முடிந்ததும் அதைப் படித்துக்காட்ட வேண்டும். பி.என்.எஸ்.எஸ். 313-ஆம் பிரிவின்படி, தப்பாகப் பதிவானதைச் சொன்னால் நீதிபதி திருத்தலாம், அல்லது உங்கள் ஆட்சேபணையைக் குறிப்பாக எழுதலாம். ஆங்கிலத்தில் தட்டச்சு செய்திருந்தால் தமிழில் சொல்லச் சொல்லிக் கேட்டு, அதன்பிறகு கையெழுத்திடுங்கள்.