பழைய ஆல்டோவுக்குப் புது டயர்

எங்கள் ஆல்டோ 800-இன் டயர்கள், பள்ளத்தின் ஆழம் 1.6 மில்லிமீட்டர்தான் மிச்சம் என்று காட்டும் தேய்மானக் குறி வரை இறங்கிவிட்டன. மழைக்கு முன்பே மாற்றியாக வேண்டும்.

கடையில் அகலமான டயர் போடச் சொன்னார்கள். பவர் ஸ்டியரிங் இல்லாத வண்டி, திருப்பக் கனக்கும், மைலேஜும் குறையும். கம்பெனி சொன்ன 145/80 ஆர்12 அளவே போதும்.

அப்புறம், பிராண்டை விட முக்கியம் பக்கவாட்டில் இருக்கும் நான்கு இலக்க எண். 2325 என்றால் 2025-ஆம் ஆண்டின் 23-வது வாரத்தில் தயாரானது. குடோனில் வருடக்கணக்கில் கிடந்ததைத் தள்ளுபடியில் கொடுத்தாலும் வாங்காதீர்கள். ரப்பர் இறுகியிருக்கும், ஈரச் சாலையில் பிடிமானம் இருக்காது.

இரண்டுதான் வாங்க முடியும் என்றால் புதியதைப் பின்னால் போடுங்கள். முன்சக்கரம் இழுக்கும் வண்டிக்கு முன்னால்தான் என்று பலர் சொல்வார்கள், கேட்காதீர்கள். மழையில் பின்பக்கம் வழுக்கினால் வண்டி சுழன்றுவிடும், ஸ்டியரிங்கைத் திருப்பிச் சமாளிப்பது ரொம்பக் கஷ்டம்.