நான்காவது அறை

"கணக்கு சரியாகத்தான் இருக்கிறது" என்று அந்த அம்மாவிடம் சொன்னேன். 2012 பிப்ரவரியில் சொன்னது. அதற்குப் பிறகு எத்தனையோ முறை அந்த வாக்கியத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டேன். பொய் என்று அதில் ஒரு சொல்லையும் காட்ட முடியவில்லை. ஆனாலும் உறுத்துகிறது.

கட்டட உரிமையாளரின் அலுவலகத்தில் கணக்குப் பார்ப்பது என் வேலை, அவர் அந்தக் கட்டடத்தில் வாடகைக்கு இருந்தவர். அவர் கையில் இருந்தது, வீடுகளைச் சூடாக்கும் எண்ணெய்க்காக நாங்கள் அனுப்பிய எரிபொருள் கட்டண அறிவிப்பு. நியூயார்க்கில் 1947 பிப்ரவரிக்கு முன்னால் கட்டிய கட்டடத்தில், 1971 ஜூலைக்கு முன்பிருந்தே விடாமல் குடியிருப்பவர்களுக்குத்தான் வாடகையை இஷ்டத்துக்கு ஏற்றவிடாத அந்தப் பழைய வாடகைக் கட்டுப்பாடு. எங்கள் கட்டடத்தில் அப்படி நான்கைந்து வீடுகள்தான் மிச்சம். அவர்களுக்கு மட்டும் அப்போது வாடகைக்குக் கீழே தனி வரியாக எரிபொருள் கட்டணம் வந்துகொண்டிருந்தது. எண்ணெய் விலை எவ்வளவு ஏறியதோ அதில் முக்கால் பங்கை அறைக்கு இவ்வளவு என்று பிரித்துப் போட முடிந்தது, கால் பங்கு உரிமையாளர் பொறுப்பு. விலை இறங்கினால் கட்டணமும் இறங்க வேண்டியிருந்தது. 2011இல் எண்ணெய் விலை நன்றாக ஏறியிருந்தது. எங்கள் கணக்கில் அறைக்கு மாதம் எட்டு டாலர் வந்தது. பெருக்கிக் கூட்டியது நான்தான். இன்றைக்கு மறுபடி போட்டாலும் அதே தொகைதான் வரும்.

அவருக்கு எண்பது வயதிருக்கும். கோட்டைக் கழற்றாமலே உட்கார்ந்தார். பையிலிருந்து ஒரு சின்ன நோட்டை எடுத்து முதலில் அதைத்தான் காட்டினார். வீட்டுக்குள் எவ்வளவு சூடு இருந்தது என்ற குறிப்பு, நீல மையில் கோடு போட்டு, காலை ஒரு பத்தி, இரவு ஒரு பத்தி. 64, 65, 63. ஒரு ஞாயிற்றுக்கிழமைக்கு எதிரே "மகன் வந்தான், கோட்டோடு சாப்பிட்டான்" என்று எழுதியிருந்தது. வெளியே 55 டிகிரிக்குக் கீழே போனால் பகல் முழுக்க உள்ளே 68 இருக்க வேண்டும் என்பது நகரச் சட்டம். எல்லாம் ஃபாரன்ஹீட். அந்த வருஷம் குளிர் அவ்வளவு கடுமையில்லை, ஆனால் கட்டடம் முழுவதையும் சூடாக்கும் பாய்லரைக் குறைத்து ஓட்டினால் மிதமான குளிரிலும் வீடு சில்லென்றுதான் இருக்கும். அத்தியாவசியச் சேவைகள் எதிலும் குறையில்லை என்று எரிபொருள் கட்டணப் படிவத்திலேயே உரிமையாளர் உறுதி சொல்லிக் கையெழுத்துப் போட்டிருந்தார். கையெழுத்துக்கு மேலே இருந்ததையெல்லாம் டைப் செய்தது நான்.

சூட்டு விஷயத்தில் அவருக்கு உதவினேன். தயங்கவே இல்லை. நகராட்சியின் புகார் எண் 311க்கு போன் செய்யுங்கள், ஆய்வாளர் வருவார், இந்த நோட்டைத் தூக்கிப் போடாதீர்கள் என்றேன். கட்டடத்தைப் பராமரிக்கும் சூப்பரிடமும் நானே பேசுவதாகச் சொன்னேன், பேசவும் செய்தேன்.

அப்புறம்தான் அவர் அறிவிப்பை மேசையில் விரித்து ஓர் இடத்தில் விரலை வைத்தார். "நாலு அறை என்று போட்டிருக்கிறீர்கள். என் வீட்டில் நாலாவது எங்கே இருக்கிறது?"

அறைக் கணக்கெல்லாம் இழுப்பறையில் அட்டைகளாக இருக்கும். நான் வேலைக்கு வருவதற்கு வெகுகாலம் முன்பே யாரோ தட்டச்சு செய்தவை. அவர் அட்டையை எடுத்தேன், நான்கு. அதோடு விட்டிருக்கலாம். கை தானாக அடுத்த அட்டைக்குப் போனது. அதே வரிசையில் நேர் மேலே உள்ள வீடு, மூன்று. நேர் கீழே உள்ளதும் மூன்று. ஒரே வரிசை வீடுகள், ஒன்றன்மேல் ஒன்றாக ஒரே அமைப்பில் கட்டியவை.

அட்டைகளை உள்ளே வைத்துவிட்டு வந்து அந்த வாக்கியத்தைச் சொன்னேன்.

அவர் கொஞ்ச நேரம் என் முகத்தைப் பார்த்தார். "நீங்கள் பார்த்தீர்களா?" என்றார். பார்த்தேன் என்றேன். அவர் கேட்டது அட்டையையா, வீட்டையா என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. ஆட்சேபம் இருந்தால் மாநில வீட்டுவசதித் துறைக்கு எழுதலாம், அதற்கென்று படிவம் உண்டு என்றும் சொன்னேன். அவர் காகிதத்தை முதலில் இருந்த மடிப்பிலேயே மடித்துப் பையில் வைத்துக்கொண்டு எழுந்தார்.

சரி, நான் வேறென்ன சொல்லியிருக்க வேண்டும்? சம்பளம் உரிமையாளர் கொடுக்கிறார். நான் வக்கீல் இல்லை. எதிர்க்க வழி உண்டு என்று சொல்லும் கடமையைச் செய்தேன், பல அலுவலகங்களில் அதைக்கூடச் சொல்வதில்லை. அதோடு, இந்தப் பழைய கட்டடங்களில் யார் எந்தச் சுவரை எப்போது எழுப்பினார்கள் என்று சொல்லவே முடியாது. அவர் வீட்டில் மட்டும் ஒரு தடுப்பு இருந்திருக்கலாம். அவர் அறையாக நினைக்காத ஓர் இடம் கணக்கில் அறையாகவே இருந்திருக்கலாம். நான்கு என்பது சரியாகவே இருந்திருக்கலாம்.

ஆனால் அந்தக் கட்டடம் அலுவலகத்திலிருந்து நடந்து போகும் தூரம். நான் ஒருநாளும் போய்ப் பார்க்கவில்லை.

இதை எழுத உட்கார்ந்த பிறகுதான் ஒன்று புரிகிறது. சூட்டுக்கு 311ஐச் சொன்னபோது மாட்டப்போவது சூப்பரும் பாய்லரும். அறை என்று வந்தால் அது என் இழுப்பறை, என் படிவம், நான் போட்ட பெருக்கல். ஒரு வீட்டில் ஓர் அறையைக் குறைத்தால் கட்டடத்தின் மொத்த அறைக் கணக்கு மாறும், அறைக்கு எட்டு டாலர் என்பதும் சில்லறை கூடி மாறும், எல்லாருக்கும் அனுப்பியதைத் திருத்தி மறுபடி அனுப்ப வேண்டும். அந்த நிமிஷம் மனதில் ஓடியது அந்த வேலைதான் என்று நினைக்கிறேன். அல்லது இவ்வளவு வருஷம் கழித்து அப்படி நினைத்துக்கொள்கிறேனோ என்னவோ. பயம் என்று சொன்னால் அதுவும் பொருந்துகிறது.

மேலாளரிடம் மட்டும் மறுநாள் சொன்னேன், பக்கத்து அட்டைகளில் மூன்று இருக்கிறது என்று. அந்த அம்மா எழுதிக் கேட்டால் பதில் சொல்லிக்கொள்ளலாம் என்றார் மேலாளர். அந்த அம்மா எழுதவில்லை. மாதா மாதம் முப்பத்திரண்டு டாலரையும் சேர்த்தே செக் வந்தது. அதைப் பதிவு செய்யும்போதெல்லாம் அதில் எட்டு டாலர் என் கண்ணில் தனியாகத் தெரியும். வருஷத்துக்குத் தொண்ணூற்றாறு. ஓய்வூதியத்தில் வாழ்கிறவருக்கு அது சின்னத் தொகை இல்லை. பணத்தைவிட, நான் சொன்னதை நம்பி அவர் எழுதாமல் இருந்துவிட்டாரோ என்பதுதான் எனக்குப் பெரிதாக இருக்கிறது. நம்பாமலே, சண்டைபோடத் தெம்பில்லாமல் விட்டிருந்தால் என் பங்கு குறையுமா? அப்படித் தோன்றும் நாட்களும் உண்டு.

2019 ஜூனில் நியூயார்க் மாநிலம் வாடகைச் சட்டத்தை மாற்றியபோது இந்த எரிபொருள் கட்டணத்தை அடியோடு தடை செய்தது. எல்லாப் பில்லிலிருந்தும் அந்த வரியை எடுக்கும் வேலை எனக்கே வந்தது. ஒவ்வொரு வீடாகத் திறந்து நீக்கினேன், அரை மணி நேரம்கூட ஆகவில்லை. அவர் வீடு அந்தப் பட்டியலில் இல்லை. இரண்டு வருஷம் முன்பே அவர் மகனோடு போய்விட்டிருந்தார்.

காலியானதும் உள்ளே எல்லாவற்றையும் இடித்துப் புதுப்பித்தார்கள். புதிதாக வருகிறவர்களுக்குக் காட்ட வரைந்த வீட்டுப் படம் என் மேசைக்கும் வந்தது. சமையலறைச் சுவரைக் காணோம், கூடமும் அதுவும் ஒன்றாகியிருந்தன. ரொம்ப நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். பழைய வீட்டில் எது எங்கே இருந்திருக்கும் என்று அதை வைத்து ஒன்றும் சொல்ல முடியவில்லை.