பேர் தப்பா இருக்கலாம்

பாட்டி ஒருநாளும் "மனசு சரியில்லை" என்று சொன்னதில்லை. நெஞ்சு படபடப்பு, கை கால் ஓய்ச்சல், ராத்திரி தூக்கமில்லை... எல்லாம் உடம்புக் கணக்கில்தான். ஈசிஜி எடுத்தால் ஒன்றும் இருக்காது. "வயசானா அப்படித்தான்" என்று அனுப்பிவிடுவார்கள். தாத்தா போய் எட்டு மாதம்தான் ஆகியிருந்தது. அதைப் பற்றி யாரும் அவளிடம் கேட்கவில்லை, நான் உட்பட.

அக்கா மகள் நேர் எதிர். பரீட்சை வந்தால் ஆங்ஸைட்டி, தோழி பேசாவிட்டால் ட்ராமா. சில நேரம் எனக்கு எரிச்சலாகவே வரும், ஒத்துக்கொள்கிறேன். போன மாதம் "எனக்கு பர்ன்அவுட்" என்றாள், அதாவது ஓயாத அழுத்தத்தில் சக்தியெல்லாம் வற்றிப்போன நிலை. விடுவேனா, உடனே தேடிப் படித்தேன். உலக சுகாதார நிறுவனத்தின் ஐசிடி-11 என்ற நோய் வகைப்பாட்டுப் பட்டியலில் அது நோயே இல்லை, வேலை சார்ந்த ஒரு நிலை மட்டும்தான். "நீ இன்னும் வேலைக்கே போகலையேடி" என்றேன் வெற்றிக் களிப்பில்.

"பேர் தப்பா இருக்கலாம் சித்தி. ரெண்டு வாரமா தூங்கலை, எதுலயும் மனசு ஒட்டலை."

அதற்குமேல் எனக்குப் பேச்சு வரவில்லை. மனச்சோர்வு நோயா என்று பார்க்க மருத்துவர்கள் வைத்திருக்கும் கால அளவும் 2 வாரம்தான். தூக்கமின்மையும் ஆர்வமின்மையும் அந்த அறிகுறிகளில் வரும். அப்புறம் பாட்டியின் ஞாபகம் வேறு.

மனநல மருத்துவரிடம் நேரம் வாங்கிவிட்டு அக்காவுக்கு போன் செய்தேன். அவள் கேட்ட முதல் கேள்வி: "யார்கிட்டயும் சொல்லிடலையே?"