தூங்கும்போது அடங்கும் கைகள்

எங்கள் இளைய மகனுக்கு ஒன்பது மாதமாகியும் கழுத்து நிற்கவில்லை. பொம்மைக்குக் கை நீட்டினால், விரல்கள் தாமாகவே முறுக்கிக்கொண்டு பின்னால் போயின. நரம்புத் தளர்ச்சிதான், எண்ணெய் தேய்த்தால் சரியாகிவிடும் என்று சேரன்மகாதேவியில் பலரும் சொன்னதை நம்பி நான்கு மாதங்களை வீணாக்கியிருந்தோம்.

பாளையங்கோட்டையில் குழந்தை நரம்பியல் மருத்துவரிடம் காட்டிய அன்று, பையனின் ஆச்சி, “முழிச்சிருக்கையிலதான் இந்த முறுக்கெல்லாம், தூங்கிட்டாம்னா அப்படியே அடங்கிப் போவுது” என்றார். மருத்துவர் எழுதுவதை நிறுத்திவிட்டு, பிறந்தபோது காமாலை வந்ததா என்று கேட்டார். வந்திருந்தது. என் மனைவிக்கு ஆர்.எச். நெகட்டிவ் இரத்தம், மூத்தவள் பிறந்த 72 மணி நேரத்துக்குள் போட்டிருக்க வேண்டிய ஆன்டி-டி ஊசியை அந்த மருத்துவமனையில் போடவில்லை. அதைப் போடாவிட்டால், தாயின் உடலில் உருவாகும் எதிர்ப்பொருள் அடுத்த குழந்தையின் இரத்த அணுக்களை உடைத்துக் கடும் காமாலையை உண்டாக்கலாம். இவன் பிறந்த அன்றே மஞ்சளித்தபோதும், நீல விளக்கில் வைக்காமல், இளவெயிலில் காட்டச் சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

தாய்ப்பாலை நான்கு மணி நேரம் நிறுத்தி, மயக்கமருந்து கொடுத்து எம்.ஆர்.ஐ. எடுத்தார்கள். மூளையின் ஆழத்தில், இருபுறமும், குளோபஸ் பாலிடஸ் இருக்கும் இடம் மட்டும் வெள்ளையாகத் தெரிந்தது. இலத்தீனில் அதற்கு ‘வெளிறிய உருண்டை’ என்று பொருளாம். இரத்தத்தில் பெருகிய பிலிருபின் என்னும் மஞ்சள் நிறமி மூளைக்குள் புகுந்தால், குறிப்பாக அந்த இடத்தைத்தான் தாக்குகிறது. அசைவுக்கான கட்டளையை அது பிறப்பிப்பதில்லை. வேண்டாத அசைவுகளைத் தடுத்து வைத்து, வேண்டியதற்கு மட்டும் வழிவிடுகிறது. கன்னடியன் கால்வாய்ப் பாசனத்தில் வளர்ந்த எனக்கு மதகு என்று நினைத்ததுமே விளங்கிவிட்டது: பலகை பழுதானால் எல்லா வயலுக்கும் ஒரே நேரத்தில் தண்ணீர் பாய்கிறது. தசையில் குறையில்லை என்றால், இத்தனை நாள் நாங்கள் தேய்த்த எண்ணெய் எதற்கு?

அதன்பிறகு பயிற்சியின் முறையே மாறியது. ‘இன்னும் நீட்டு, இன்னும் நீட்டு’ என்று ஊக்கப்படுத்துவது முறுக்கைக் கூட்டவே செய்கிறது என்பதால், இடுப்பையும் தோளையும் அணைத்துப் பிடிக்கும் மூலை நாற்காலியில் உட்காரவைத்து, இரு கைகளையும் நெஞ்சுக்கு நேரே சேர்த்துப் பிடித்து, சத்தமில்லாத அறையில் விளையாட்டுக் காட்டினோம். முறுக்கைத் தணிக்க ட்ரைஹெக்ஸிஃபெனிடில் என்ற மருந்தைக் குறைந்த அளவில் தொடங்கி மெதுவாகக் கூட்டினார்கள். மலச்சிக்கல் வந்ததால் ஒருமுறை குறைக்கவும் நேர்ந்தது. ஊனமுற்றோர் சான்றிதழுக்கு இரண்டு முறை அலைந்தது தனிக்கதை.

இந்தக் காமாலை செவிநரம்பையும் பாதிக்கும் என்பதைத் தாமதமாகவே அறிந்தோம். ஒலி கேட்டதும் செவிநரம்பில் எழும் மின் அலைகளைப் பார்க்கும் பெரா சோதனையில் இரு காதிலும் அலைகள் சரியாக வரவில்லை. ஆனால் அறிவு மங்கவில்லை: மூன்று வயதாகும் இவன், கரண்டி கைநழுவி விழுந்தவுடன் அதை எடுத்துத் தரச் சொல்லி ஆச்சியைக் கண்ணாலேயே ஏவுகிறான்.